ஏஎஃப்சி செயற்குழு: வேலூர் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி என்று பழைய வட ஆற்காடு முழுக்க சாயங்காலம் ஆனால் எங்கேயாவது ஒரு மைதானத்தில் பந்து உருளும். ஆட்டம் முடிந்ததும் பேச்சு ஆரம்பிக்கும். இந்தியாவை ஏன் தடை செய்தார்கள், ஆசியக் கோப்பை நமக்கு ஏன் வரவில்லை, கொல்கத்தா கிளப் மோகன் பகான் ஆசியப் போட்டியிலிருந்து எப்படி வெளியே போனது என்று எங்கெங்கோ சுற்றிக் கடைசியில் "ஏஎஃப்சி முடிவு பண்ணிட்டாங்க" என்ற இடத்தில் வந்து நின்றுவிடும். அந்த முடிவைப் பண்ணியவர்கள் யார், எப்படிப் பண்ணினார்கள் என்று பையன்களும் கிளப் நடத்துபவர்களும் சில பெற்றோர்களும் கேட்டவற்றை இங்கே சேர்த்திருக்கிறேன்.

மாஸ்டர், ஏஎஃப்சின்னா இன்னா? அதுல செயற்குழுன்னா இன்னா?

ஏஎஃப்சி என்பது ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்பு. 1954 மே 8 அன்று மணிலாவில் 12 சங்கங்கள் சேர்ந்து தொடங்கியது. அந்தப் பன்னிரண்டில் இந்தியாவும் ஒன்று. தலைமையகம் கோலாலம்பூரில். இன்று 47 தேசியச் சங்கங்கள் உறுப்பினர்களாக இருக்கின்றன.

கட்சி அரசியலைப் பார்த்து வளர்ந்த நமக்கு இதன் அமைப்பு சுலபமாகப் புரியும். பொதுக்குழு, செயற்குழு இரண்டும் அங்கேயும் உண்டு. 47 சங்கங்களும் கூடும் காங்கிரஸ்தான் பொதுக்குழு. தலைவரைத் தேர்ந்தெடுப்பது, சட்டவிதிகளைத் திருத்துவது, வரவுசெலவை ஏற்பது, ஓர் உறுப்பினரைச் சேர்ப்பது, நீக்குவது எல்லாம் அதன் அதிகாரம். ஆனால் அது வழக்கமாக வருடத்துக்கு ஒரு முறைதான் கூடும். மிச்ச நாளெல்லாம் போட்டிகளை எந்த வடிவில் நடத்துவது, எந்தக் குழுவில் யாரைப் போடுவது, பணத்தை எதற்கு ஒதுக்குவது என்பதைச் செயற்குழு பார்த்துக்கொள்கிறது. பெயருக்குப் பொதுக்குழு பெரியது. நடைமுறையில் செயற்குழுவில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதுதான் பெரிய விஷயம்.

அதுல யார் யாரெல்லாம் இருப்பாங்க?

தலைவர், ஐந்து மண்டலங்களுக்கும் துணைத் தலைவர்கள், ஃபிஃபா கவுன்சிலில் ஆசியா சார்பில் இருப்பவர்கள், பெண்களுக்கென ஒதுக்கிய இடங்களில் வருபவர்கள், இவர்கள் போக மண்டலங்களிலிருந்து வரும் மற்ற உறுப்பினர்கள். பதவிக்காலம் 4 ஆண்டு.

இதில் ஃபிஃபா கவுன்சில் இடங்களுக்குத்தான் மவுசு அதிகம். உலகக் கால்பந்தை நடத்தும் அந்தக் கவுன்சிலில் மொத்தம் 37 பேர். ஆசியாவுக்கு 7 இடம். ஏஎஃப்சி தலைவர் அந்தப் பதவியினாலேயே ஃபிஃபா துணைத் தலைவராகவும் ஆகிவிடுவார். மீதி 6 இடத்துக்குத் தேர்தல், அதில் ஒன்றாவது பெண்ணுக்குப் போக வேண்டும். இந்தியாவிலிருந்து முதன்முதலில் அங்கே போனவர் அப்போதைய இந்தியச் சங்கத் தலைவர் பிரஃபுல் படேல். 2019-ல் 46 வாக்கில் 38 வாங்கினார்.

இப்போதைய தலைவர் பஹ்ரைனைச் சேர்ந்த ஷேக் சல்மான். 2013-லிருந்து அவர்தான்.

மண்டலம்னு சொல்றீங்களே, அது எப்படிப் பிரிச்சிருக்காங்க?

ஆசியானில் 12 சங்கங்கள் (2006-ல் வந்து சேர்ந்த ஆஸ்திரேலியாவும் இதில்தான்), மேற்கில் 12, கிழக்கில் 10, தெற்கில் 7, மத்தியில் 6. நாம் தெற்கு: இந்தியா, பாகிஸ்தான், வங்கதேசம், நேபாளம், பூடான், மாலத்தீவு, இலங்கை.

இந்த எண்களைக் கொஞ்சம் கூட்டிக் கழித்துப் பாருங்கள். 47-ல் பாதியைத் தாண்ட 24 வேண்டும். மேற்கும் தெற்கும் சேர்ந்தால் 19. மத்தியும் கூட வந்தால் 25, ஆட்டம் முடிந்தது. ஜப்பான், கொரியா, ஆஸ்திரேலியா என்று உலகக் கோப்பைக்குத் தொடர்ந்து போகும் அணிகள் எல்லாம் மறுபக்கம் நின்றாலும் ஒன்றும் செய்ய முடியாது. தலைமைப் பதவி வளைகுடாவை விட்டு நகராமல் இருப்பதற்கு எண்ணெய்ப் பணம் ஒன்றையே காரணமாகச் சொல்லிவிட்டுப் போவது சோம்பேறித்தனம் என்பது என் எண்ணம். இந்தக் கூட்டல் கணக்கும் ஒரு காரணம்.

140 கோடிப் பேர் இருக்கிற இந்தியாவுக்கும் ஒரு ஓட்டு, குவாமுக்கும் ஒரு ஓட்டா?

ஆமாம். மக்கள்தொகை, தரவரிசை, லீக்கின் வருமானம் எதற்கும் அங்கே எடை கிடையாது. வட மரியானா தீவுகள் ஃபிஃபாவிலேயே உறுப்பினர் இல்லை. ஆனால் 2020 டிசம்பரில் ஏஎஃப்சியின் 47-வது முழு உறுப்பினர் ஆகிவிட்டது. அதற்கும் ஒரு வாக்கு உண்டு.

இது அநியாயம் என்று கேள்வி கேட்கிறவர்கள் எல்லோருமே கோபப்படுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மக்கள்தொகைப்படி வாக்கு கொடுத்தால் சீனாவும் இந்தியாவும் இந்தோனேசியாவும் மட்டுமே ஆசியக் கால்பந்து என்று ஆகிவிடும். அந்த மூன்று நாட்டின் ஆட்டத்தைப் பார்த்தவர்கள் அதை விரும்ப மாட்டார்கள். ஆனால் ஒரு சங்கத்துக்கு ஒரு வாக்கு என்பதால் வேறொரு விளைவும் உண்டு. சின்னச் சங்கத்தின் வாக்கும் பெரிய சங்கத்தின் வாக்கும் ஒரே மதிப்பு என்றால், பிரசாரம் எந்தப் பக்கம் திரும்பும்? சுலபமாக மனம் மாற்றக்கூடியவர் பக்கம்தான். புதிய மைதானம், பயிற்சி உதவி, நிலைக்குழுவில் (போட்டி, நிதி என்று ஒவ்வொன்றையும் பார்க்கும் துணைக்குழு) ஓர் இடம் என்று பேச்சு நடக்கும்.

தேர்தல் எப்படி நடக்கும்? நிஜமாவே போட்டி இருக்குமா?

விதிப்படி ரகசிய வாக்கெடுப்பு. ஒவ்வொரு மண்டலத்தின் இடத்துக்கும் அந்த மண்டலத்து ஆள்தான் நிற்க முடியும். ஆனால் காங்கிரஸ் முழுவதும் வாக்களிக்கும். தெற்கு மண்டல இடத்துக்கு யார் வருவார் என்பதில் ஜோர்டானுக்கும் லாவோஸுக்கும்கூட வாக்கு உண்டு.

நடைமுறை வேறு. மண்டலங்கள் முன்கூட்டியே உட்கார்ந்து பேசி ஒரு பெயரை முடிவு செய்துவிடும். மேடையில் பெயரைப் படிப்பார்கள், கைதட்டுவார்கள், அவ்வளவுதான். 2019-லும் 2023-லும் தலைவர் பதவிக்கு எதிர்த்து நின்று வாக்கெடுப்பு வரை வந்தவர் யாரும் இல்லை. நம்மூர் சங்கங்களில் "ஏகமனதாகத் தேர்வு" என்று போஸ்டர் ஒட்டுவார்களே, கிட்டத்தட்ட அதே சங்கதி.

அதற்காக எப்போதுமே இப்படித்தான் என்று நினைக்க வேண்டாம். பழைய கணக்குகளைப் பார்த்தால் சுவாரசியம் இருக்கிறது.

2009 மே மாதம் கோலாலம்பூரில் ஃபிஃபா இடத்துக்கு அப்போதைய ஏஎஃப்சி தலைவர் முகமது பின் ஹம்மாமும் ஷேக் சல்மானும் மோதினார்கள். 23-21. இரண்டே வாக்கில் பின் ஹம்மாம் தப்பித்தார். நான்கு வருடம் கழித்து 2013-ல் ஏஎஃப்சி தலைவர் பதவிக்கு நடந்த மூன்று பேர் போட்டியில் சல்மான் 33 வாங்கினார். தாய்லாந்தின் வோராவி மகுடிக்கு 7, எமிரேட்ஸின் யூசுப் அல் செர்காலுக்கு 6. அதே சல்மான் 2016-ல் ஃபிஃபா தலைவர் பதவிக்கே நின்றார். முதல் சுற்றில் இன்ஃபான்டினோ 88, சல்மான் 85. மூன்று வாக்குதான் வித்தியாசம். இரண்டாம் சுற்றில் 115-88 என்று ஆகி இன்ஃபான்டினோ வென்றார்.

2023 பிப்ரவரியில் மனாமாவில் ஃபிஃபா கவுன்சில் இடங்களுக்கு நடந்த தேர்தலில் சீனாவின் வேட்பாளரும் தோற்றார், தென் கொரியாவின் வேட்பாளரும் தோற்றார். பெரிய நாடு என்பதற்காக வாக்கு விழாது என்பதற்கு அதைவிட நல்ல சான்று வேண்டாம். அந்தத் தேர்தலுக்குச் சில நாள் முன்புதான் ஃபிஃபா இலங்கைச் சங்கத்தைத் தடை செய்திருந்தது. தடையில் இருக்கும் சங்கத்துக்கு வாக்கு கிடையாது என்பதால் நம் மண்டலத்தில் அன்று ஒரு வாக்கு குறைவு.

கோவாவுல ஒரு மீட்டிங் அரை மணி நேரத்துல முடிஞ்சுபோச்சாமே?

அரை மணி கூட இல்லை, 27 நிமிடம். 2016 செப்டம்பர் 27, கோவா. ஏஎஃப்சியின் சிறப்புக் காங்கிரஸ். ஃபிஃபா கவுன்சிலுக்கு ஆசிய உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்கத்தான் ஆசியா முழுவதிலிருந்தும் ஆட்கள் வந்திருந்தார்கள். அதற்கு முன்பே கத்தாரைச் சேர்ந்த சவுத் அல் மொஹன்னதியை ஃபிஃபா போட்டியிடக் கூடாது என்று நிறுத்திவிட்டது. கூட்டம் தொடங்கியது. முதல் வேலை, நிகழ்ச்சி நிரலை ஏற்கிறீர்களா என்று கேட்பது. எங்கேயும் யாரும் கவனிக்காத சடங்கு அது. வாக்கெடுத்தார்கள்: வேண்டாம் என்று 42, வேண்டும் என்று 1. நிரலே இல்லையென்றால் தேர்தலும் இல்லை. எழுந்து போய்விட்டார்கள். தேர்தல் அடுத்த வருடம் மே மாதம் பஹ்ரைனில் நடந்தது.

சங்க வேலை பழகியவர்கள் இந்தக் கதையை ரசிப்பார்கள். ஃபிஃபாவை எதிர்த்துத் தீர்மானம் போட்டிருந்தால் பெரிய சண்டை. அதற்குப் பதிலாக, விதிக்குள்ளேயே நின்று, நிரலைத் தள்ளுபடி செய்து சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டார்கள். 42 பேர் ஒரே மாதிரி வாக்களிக்கிறார்கள் என்றால் அந்த முடிவு அரங்குக்குள் எடுத்தது இல்லை. முந்தின ராத்திரி ஹோட்டலில் எடுத்தது.

ஆசியக் கோப்பை எங்க நடக்கணும்னு யார் முடிவு பண்றது?

ஒரு தடவை பொதுக்குழு, ஒரு தடவை செயற்குழு. 2022, 2023-ல் இரண்டுமே நடந்ததால் அதை வைத்தே சொல்கிறேன்.

2023 போட்டியைச் சீனா நடத்துவதாக இருந்தது. கொரோனாவால் 2022 மே மாதம் கைவிட்டது. அவசரத்தில் வேறு இடம் தேட வேண்டிய நிலை. கத்தார், தென் கொரியா, இந்தோனேசியா மூன்றும் கேட்டன. 2022 அக்டோபர் 17 அன்று செயற்குழுவே கூடி, கத்தார் என்று முடிவு செய்துவிட்டது.

அதே கூட்டத்தில் 2027-க்கும் வேலை நடந்தது. வந்திருந்த விண்ணப்பங்களில் இந்தியா, சவூதி அரேபியா இரண்டை மட்டும் இறுதிப் பட்டியலில் வைத்து, கடைசி முடிவைக் காங்கிரஸுக்கு அனுப்பியது. அதாவது நாம் இறுதி இருவரில் ஒருவர். டிசம்பரில் இந்தியச் சங்கம் விலகிக்கொண்டது. இப்போதைக்கு அடிமட்ட வளர்ச்சிதான் முக்கியம், பெரிய போட்டி நடத்துவது நம் திட்டத்தில் இல்லை என்று காரணம் சொன்னார்கள். பிப்ரவரியில் மனாமா காங்கிரஸ் சவூதிக்குக் கொடுத்தது.

நின்றிருந்தால் ஜெயித்திருப்போமா என்று கேட்கிறார்கள். மேலே போட்ட கூட்டலை வைத்துப் பார்த்தால் எனக்கு நம்பிக்கை இல்லை. விலகியதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த அடிமட்ட வளர்ச்சிப் பணம் நம் மாவட்ட மைதானங்கள் வரை வருகிறதா என்று கேட்கும் உரிமை நமக்கு அன்றிலிருந்து வந்துவிட்டது.

கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. கடைசி வாக்கு காங்கிரஸில் விழுந்தாலும், அங்கே யார் பெயர் போக வேண்டும் என்று வடிகட்டியது செயற்குழுதான்.

ஒரு நாட்டையே சேர்க்கவோ வெளியே அனுப்பவோ செயற்குழுவால முடியுமா?

வழி திறக்க முடியும், கதவை மூட முடியாது. 2005 மார்ச்சில் ஆஸ்திரேலியாவை அழைக்க ஒருமனதாக முடிவெடுத்தது செயற்குழு. அதன்பிறகு ஓசியானியா, ஃபிஃபா என்று ஒவ்வொரு கட்டமாகச் சம்மதம் வாங்கி, 2006 ஜனவரி 1 முதல் ஆஸ்திரேலியா ஆசியாவில். வெளியேற்றுவது காங்கிரஸின் வேலை. 1974-ல் குவைத் கொண்டுவந்த தீர்மானத்தில் 17-13 என்று வாக்கு விழுந்து இஸ்ரேல் வெளியேறியது. ஆறு பேர் நடுநிலை. இஸ்ரேல் பிறகு ஐரோப்பாவுக்குப் போய்விட்டது.

நிலைக்குழு, நிலைக்குழுன்னு சொல்றாங்களே?

போட்டிகள், நடுவர்கள், பெண்கள் கால்பந்து, நிதி, மருத்துவம், சட்டம் என்று தனித்தனிக் குழுக்கள். இவை பரிந்துரை செய்யும், செயற்குழு ஒப்புதல் போடும். பெரும்பாலான பரிந்துரைகள் அப்படியே ஏற்கப்படும். ஆகவே கிளப் போட்டிகளின் வடிவத்தை மாற்ற வேண்டும், வெளிநாட்டு ஆட்டக்காரர் எத்தனை பேர் என்று முடிவு செய்ய வேண்டும் என்றால் வாதம் நடக்கும் இடம் இந்தக் குழுக்கள்தான். சாம்பியன்ஸ் லீக் எலைட், சாம்பியன்ஸ் லீக் டூ என்று இப்போது இருக்கும் அடுக்குகள், பெண்களுக்கான சாம்பியன்ஸ் லீக் எல்லாம் 2023-ல் செயற்குழு ஒப்புதல் பெற்றவை.

நிலைக்குழுக்களில் யார் இருப்பார்கள் என்பதை நியமிப்பதும் செயற்குழுதான். தேர்தலில் துணை நின்றவர்களுக்கு நன்றி சொல்லும் வழியும் அதுவே.

குடியாத்தம் டோர்னமென்ட்ல எங்க பையனுக்கு ரெஃப்ரி அநியாயமா ரெட் கார்டு குடுத்துட்டார். ஏஎஃப்சிக்கு மெயில் போடலாமா?

போடலாம், பதில் வராது. உள்ளூர் அமைப்பாளர்கள் நடத்தும் போட்டி என்றால் அவர்களின் விதிப்புத்தகத்தோடு கதை முடிந்தது. மாவட்டச் சங்கத்தின் லீக் என்றால் மாவட்டச் சங்கம், அடுத்தது சென்னையில் இருக்கும் தமிழ்நாடு கால்பந்து சங்கம். அதைத் தாண்ட வேண்டிய வழக்கு ஆயிரத்தில் ஒன்று இருக்கலாம்.

ஏஎஃப்சியே நடத்தும் போட்டியில் தகராறு என்றாலும் அது செயற்குழுவுக்குப் போகாது. ஒழுங்கு மற்றும் நெறிமுறைக் குழு, மேல்முறையீட்டுக் குழு என்று தனியே உண்டு. அவர்கள் தீர்ப்பில் திருப்தி இல்லையென்றால் சுவிட்சர்லாந்தின் லொசான் நகரில் இருக்கும் விளையாட்டு நடுவர் மன்றம். 2024 அக்டோபரில் மோகன் பகான் ஈரானின் தப்ரீஸுக்கு விளையாடப் போகவில்லை. அணி போட்டியிலிருந்து விலகியதாகக் கருதப்பட்டது. அது போட்டி விதிப்படி வந்த விளைவு. செயற்குழு உறுப்பினர்கள் கை தூக்கி மோகன் பகானை வெளியே அனுப்பினார்கள் என்று வாட்ஸ்அப்பில் சுற்றியது பொய்.

2022-ல இந்தியாவைத் தடை பண்ணது இவங்கதானா?

இல்லை, ஃபிஃபா. 2022 ஆகஸ்ட் நடுவில் ஃபிஃபா கவுன்சிலின் பணிக்குழு அந்த முடிவை எடுத்தது. இந்தியச் சங்கத்தின் நிர்வாகத்தை உச்ச நீதிமன்றம் அமைத்த நிர்வாகிகள் குழு நடத்திக்கொண்டிருந்தது. அதை மூன்றாம் தரப்புத் தலையீடு என்று ஃபிஃபா எடுத்துக்கொண்டது. ஆகஸ்ட் 26-ல் தடை நீங்கியது. செப்டம்பர் 2-ல் நடந்த தேர்தலில் முன்னாள் கோல்கீப்பர் கல்யாண் சௌபே 33-1 என்று பாய்ச்சுங் பூட்டியாவை வென்றார். அந்த 34 வாக்கும் மாநிலச் சங்கங்களின் வாக்கு. நாடே கொண்டாடிய ஆட்டக்காரருக்கு ஒரு வாக்கு. சங்கத் தேர்தலில் ரசிகர்களுக்கு இடம் இல்லை என்பது அன்றைக்குப் பலருக்குப் புரிந்தது.

அந்தப் பத்துப் பதினொரு நாளில் உண்மையில் அடிபட்டவர்கள் கோகுலம் கேரளா பெண்கள் அணி. ஆசிய கிளப் போட்டிக்காக உஸ்பெகிஸ்தானுக்கே போய்ச் சேர்ந்துவிட்டார்கள். தடையால் ஓர் ஆட்டம்கூட ஆடாமல் திரும்பினார்கள். நிர்வாகிகளின் தகராறுக்கு யார் விலை கொடுக்கிறார்கள் என்று கேட்டால் நான் சொல்லும் பதில் இதுதான்.

2025 ஆகஸ்டில் மறுபடி அதே பயம். புதிய சட்டவிதிகளை அக்டோபர் 30-க்குள் ஏற்காவிட்டால் தடை வரலாம் என்று ஃபிஃபாவும் ஏஎஃப்சியும் சேர்ந்தே கடிதம் எழுதின. செப்டம்பர் 19-ல் உச்ச நீதிமன்றம் ஒப்புதல் தந்தது, அக்டோபர் 12-ல் இந்தியச் சங்கம் ஏற்றுக்கொண்டது.

பெண்களுக்கு இடம் இருக்கா?

ஒதுக்கிய இடங்கள் உண்டு என்று மேலே சொன்னேன். 2017 மே மாதம் ஃபிஃபா கவுன்சிலின் பெண் உறுப்பினர் இடத்துக்கு ஆஸ்திரேலியாவின் மோயா டாட் நின்றார். நாட்டுக்காக ஆடியவர், வழக்கறிஞர், ஃபிஃபா நிர்வாகத்தில் ஏற்கெனவே இருந்தவர். வங்கதேசத்தின் மஹ்ஃபூஸா அக்தர் கிரண் 27-17 என்று வென்றார். தகுதிப் பட்டியலை வைத்து வாக்கு எண்ணினால் இந்த முடிவு புரியாது. மண்டலங்களை வைத்து எண்ணினால் புரியும். நம் மண்டலத்துக்காரர் ஒருவர் வென்றதில் எனக்கும் சந்தோஷம்தான், ஆனால் டாட் வெளியே போனது பெண்கள் கால்பந்துக்கு இழப்பு.

ஐரோப்பாவுலயும் இதே மாதிரிதானா?

உருவம் ஒன்று, உள்ளே வேறு. ஐரோப்பியக் கூட்டமைப்பான யூஃபாவில் 55 சங்கங்கள். செயற்குழுவில் மண்டல ஒதுக்கீடு கிடையாது. ஆனால் கிளப்புகளின் அமைப்புக்கு 2 இடமும் லீக்குகளின் அமைப்புக்கு 1 இடமும் இருக்கின்றன. ரியல் மாட்ரிட், பயர்ன் போன்ற கிளப்புகளுக்கு இருக்கும் பணபலத்தை வெளியே நிறுத்திவைக்க முடியாது என்று அவர்களுக்குத் தெரியும். யூரோ கோப்பை எங்கே என்பதைச் செயற்குழுவே வாக்கெடுத்து முடிவு செய்யும். 2024 போட்டிக்கு ஜெர்மனி 12, துருக்கி 4 என்று 2018 செப்டம்பரில் முடிந்தது. வெளியூர் கோல் விதியை (இரண்டு ஆட்டமும் சேர்ந்து சமநிலை என்றால் எதிரணி மைதானத்தில் அதிக கோல் போட்டவருக்கு வெற்றி என்பது) 2021 ஜூனில் ஒழித்ததும் அதே செயற்குழுதான். நம் பையன்கள் இன்னும் அந்த விதியை நினைத்துச் சண்டை போடுகிறார்கள். ஐரோப்பிய கிளப் போட்டிகளில் அது இப்போது இல்லை.

ஒருத்தர் எத்தனை தடவை இருக்கலாம்?

2016-ல் ஃபிஃபா, அதிகபட்சம் மூன்று முறை, 12 ஆண்டு என்று வரம்பு போட்டது. ஏஎஃப்சியிலும் அதுபோல் வரம்பு இருந்தது. 2024 மே மாதம் பாங்காக் காங்கிரஸ் அதை எடுத்துவிட்டது. தலைவருக்கும் செயற்குழுவுக்கும் இப்போது வரம்பு இல்லை. வரம்பை எடுத்தது தவறு என்றே நினைக்கிறேன். போட்டியே இல்லாமல் பதவி கிடைக்கும் இடத்தில் ஒருவரை எழுப்ப இருந்த ஒரே கருவி காலம்தான்.

ஊழல் பத்திச் சொல்லவே இல்லையே?

பெரிய வழக்கு பின் ஹம்மாமுடையது. 2002-லிருந்து ஏஎஃப்சி தலைவர். 2011-ல் ஃபிஃபா தலைவர் பதவிக்கு நின்றபோது கரீபியன் வாக்காளர்களுக்குப் பணம் கொடுத்தார் என்று குற்றச்சாட்டு. ஃபிஃபா ஆயுள் தடை போட்டது. 2012 ஜூலையில் விளையாட்டு நடுவர் மன்றம் ஆதாரம் போதாது என்று அதை ரத்து செய்தது. அவர் குற்றமற்றவர் என்று சொல்லவில்லை என்பதையும் தீர்ப்பிலேயே எழுதியது. அதே ஆண்டு டிசம்பரில், ஏஎஃப்சி தலைவராக இருந்த காலத்து நடத்தைக்காக ஃபிஃபா மீண்டும் ஆயுள் தடை விதித்தது. 2011-லிருந்து 2013-ல் சல்மான் வரும் வரை சீனாவின் ஜாங் ஜிலோங் பொறுப்புத் தலைவராக இருந்தார்.

பொதுச் செயலாளர் செயற்குழுவுல ஒருத்தரா?

அவர் சம்பளம் வாங்கும் தலைமை நிர்வாகி. செயற்குழு எடுக்கும் முடிவை நடத்திக் காட்டுவது அவர் வேலை. ஆனால் நீண்ட காலம் இருப்பவர் என்றால் செல்வாக்கு தானாக வரும். மலேசிய இந்தியரான பீட்டர் வேலப்பன் 1978-லிருந்து 2007 வரை அந்த நாற்காலியில் இருந்தார். தலைவர்கள் வந்து போனார்கள், கோப்பு அவரிடம் இருந்தது.

வேலூர்லேருந்து ஒருத்தர் அங்க வரைக்கும் போக முடியுமா மாஸ்டர்?

படிகள் இவை: கிளப், மாவட்டச் சங்கம், தமிழ்நாடு சங்கம், அகில இந்திய சம்மேளனம் (மேலே இந்தியச் சங்கம் என்றது இதைத்தான்), தெற்கு மண்டலம், ஏஎஃப்சி. ஒவ்வொரு படியிலும் கீழே இருப்பவர்தான் மேலே இருப்பவரைத் தேர்ந்தெடுக்கிறார். நடுவில் ஏணி வைத்து ஏற வழி இல்லை. புதிய சட்டவிதிகளில் முன்னாள் வீரர், வீராங்கனைகளுக்கு இந்தியச் செயற்குழுவில் இடம் கொடுத்திருப்பதால், நாட்டுக்காக ஆடியவர்களுக்கு மட்டும் ஒரு குறுக்குவழி உண்டு.

மற்றவர்கள் முதல் படியில் என்ன செய்யலாம்? கிளப்பைத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-ன் கீழ் பதிவு செய்யுங்கள். கூட்டக் குறிப்பேட்டையும் வரவுசெலவையும் எழுதி வையுங்கள். மாவட்டச் சங்கத்தில் இணைந்து சந்தாவைப் பாக்கி இல்லாமல் கட்டுங்கள். மாவட்டம் 2019-ல் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மூன்றாகப் பிரிந்ததால், உங்கள் கிளப் இப்போது எந்த மாவட்டத்தின் பட்டியலில் இருக்கிறது என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். ஆம்பூர், வாணியம்பாடி இரண்டும் திருப்பத்தூர் மாவட்டம், ஆற்காடு ராணிப்பேட்டை மாவட்டம். ஆண்டுப் பொதுக்கூட்ட அறிவிப்பு வந்தால் யாராவது ஒருவர் நேரில் போய் உட்காருங்கள்.

கோச்சிங் சர்டிஃபிகேட்ல ஏஎஃப்சின்னு இருக்கே, அதுவும் இவங்க குடுக்கறதா?

சி, பி, ஏ, ப்ரோ லைசென்ஸ்கள் ஏஎஃப்சியுடையவை. அவற்றுக்குக் கீழே இருக்கும் ஈ, டி இரண்டும் இந்திய சம்மேளனத்துடையவை. நேராக சி-க்கு விண்ணப்பிக்க முடியாது, முதலில் டி முடிக்க வேண்டும். வகுப்பு எப்போது என்று தமிழ்நாடு கால்பந்து சங்கத்தில் கேளுங்கள். கோலாலம்பூருக்கு எழுத வேண்டியதில்லை.